கான்டினென்டல் ஜிடி 650-இல் கை மரத்துப்போகிறது: ஹேண்டில்பாரை மாற்றலாமா?

கேள்வி சுருக்கமாக: "ராயல் என்ஃபீல்டின் கான்டினென்டல் ஜிடி 650 பைக் வைத்திருக்கிறேன். தினமும் தாம்பரத்திலிருந்து அலுவலகம், விடுமுறை கிடைத்தால் ஏற்காடு, ஏலகிரி. ஒரு மணி நேரம் ஓட்டினாலே சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துவிடுகின்றன. பிடரியும் பிடித்துக்கொள்கிறது. வண்டியை விற்க மனமில்லை. ஹேண்டில்பாரை மட்டும் மாற்றினால் சரியாகுமா? கூடவே என்னென்ன மாற்ற வேண்டும்?"

மாற்றலாம், பலன் இருக்கும். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். நீங்கள் சொன்ன விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது.

சுண்டு விரல், மோதிர விரல் இரண்டும் மரத்தால் அழுந்துவது அல்னார் நரம்பு. உள்ளங்கையின் வெளி ஓரத்தில், சுண்டு விரலுக்கு நேர் கீழே இருக்கும் சதைமேட்டின் வழியாக அது விரல்களுக்குப் போகிறது. உடம்பின் பாரம் அந்த மேட்டின் மேல் இறங்கினால் நரம்பு நசுங்கும். நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்திருந்தால் கதை வேறு. அது மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பு. அதற்குப் பெரும்பாலும் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியிருப்பதும், கிரிப்பை இறுக்கிப் பிடிப்பதும், கிளட்ச் கடினமாக இருப்பதும் காரணமாக இருக்கும். உங்களுக்கு மரப்பது சுண்டு விரலும் மோதிர விரலும், ஆகவே கை மேல் பாரம் இறங்குகிறது. பிடரி வலி அதற்குத் துணைச் சாட்சி: முன்னால் சாய்ந்த உடம்போடு சாலையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தியே வைத்திருக்கிறீர்கள்.

ஒரு விஷயம். வண்டியை விட்டு இறங்கிச் சில மணி நேரம் ஆகியும் மரமரப்பு போகவில்லை, அல்லது விரலில் பிடிமானம் குறைகிறது என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஹேண்டில்பார் காத்திருக்கட்டும்.

ஜிடி ஏன் இப்படி உட்கார வைக்கிறது? அந்த வண்டியின் உருவம் 1950, 60-களின் பிரிட்டிஷ் இளைஞர்களிடமிருந்து வந்தது. லண்டன் ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடி, குறுகிய தூரத்தை வேகமாக ஓட்டிப் பார்த்தவர்கள் அவர்கள். காற்றைக் கிழிக்கக் குனிய வேண்டும். அதற்காகத் தாழ்ந்த ஹேண்டில்பார், பின்னால் தள்ளிய ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை). ஜிடியோடு 2018-இல் சேர்ந்தே வந்த இன்டர்செப்டர் 650 இன்னொரு குடும்பத்தின் வாரிசு. 1960-களில் அமெரிக்கச் சந்தையைக் குறிவைத்து வந்த பழைய இன்டர்செப்டரின் பெயரையும் அகலமான ஹேண்டில்பாரையும் அது எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் எஞ்சின் ஒன்று, 648 சிசி இரட்டை சிலிண்டர். சேஸியும் ஏறக்குறைய ஒன்றே. உட்காரும் விதம்தான் பிரிக்கிறது. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ஓட்டுபவரின் உடம்பை மூன்று புள்ளிகள் தீர்மானிக்கின்றன: சீட், ஃபுட்பெக், கிரிப். ஒன்றை நகர்த்தினால் மற்ற இரண்டின் மீதும் பாரம் மாறும். கிரிப்பை உயர்த்திப் பின்னால் கொண்டுவந்தால் கையிலிருந்து குறையும் எடை காணாமல் போவதில்லை, இடுப்புக்கும் வால் எலும்புக்கும் போய்ச் சேரும். முற்றிலும் நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகுத்தண்டில் இடிக்கும். கொஞ்சம் முன்சாய்வு இருந்தால் அந்த அடியை இடுப்பு வளைந்து வாங்கிக்கொள்ளும். அதனால்தான் 'ஏப் ஹேங்கர்' எனப்படும் மிக உயர்ந்த பார் போட்டவர்கள் கை வலி போனதென்று மகிழ்ந்து, அடுத்த நெடும் பயணத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். உங்களுக்குத் தேவை சின்ன மாற்றம். என் கருத்தில், பலருக்கு 25 முதல் 40 மி.மீ. உயரமும் அதைவிடக் குறைவான பின்னிழுப்புமே போதும்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நெஞ்சில் மோதும் காற்றே உடம்பைப் பின்னால் தள்ளி, கை மேல் இருக்கும் பாரத்தைக் குறைக்கும். அதே ஜிடி நெடுஞ்சாலையில் சுகமாகவும், ஜிஎஸ்டி சாலை நெரிசலில் வாதையாகவும் இருப்பது அதனால்தான். பாரை உயர்த்தினால் நெரிசலில் நிம்மதி, நெடுஞ்சாலையில் காற்றோடு மல்லுக்கட்டு. உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி நகரம் என்பதால் இந்தப் பேரம் உங்களுக்குச் சாதகம். வாரந்தோறும் பெங்களூரு போய்வருபவர் கேட்டிருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன்.

இனி, காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியவை. பிரேக் லீவர், கிளட்ச் லீவர் இரண்டின் கிளாம்ப் போல்ட்டையும் சற்றுத் தளர்த்தி, லீவரைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். வழக்கமாக உட்கார்ந்து விரலை நீட்டினால் முழங்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஷோரூமிலிருந்து வரும் வண்டிகளில் லீவர் பெரும்பாலும் உயரமாகவே இருக்கும். மணிக்கட்டு மேலே மடங்குவதற்கு அதுவே காரணம். திருப்பும்போது பிரேக் ஆயில் குப்பி அதிகம் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளட்ச் கேபிள் பழசாகிக் காய்ந்திருந்தால் எண்ணெய் விடுங்கள் அல்லது மாற்றுங்கள், இடது கைக்குப் பெரிய வித்தியாசம் தெரியும். பிறகு முட்டியால் டேங்கைப் பிடித்து ஓட்டிப் பழகுங்கள். பிரேக் பிடிக்கும்போது உடம்பைத் தாங்க வேண்டியவை தொடையும் வயிற்றுத் தசையும். அந்த வேலையைக் கை செய்தால் எந்த ஹேண்டில்பாரும் காப்பாற்றாது. சீட் நுரை அமுங்கி முன்னால் சரிவாகியிருந்தாலும் ஆள் டேங்கை நோக்கி வழுக்கிக்கொண்டே இருப்பார், பாரம் கைக்குப் போகும். நல்ல சீட் தைப்பவரிடம் முன்பகுதியைச் சற்று உயர்த்தச் சொன்னால் அது நிற்கும்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். மரமரப்பு பாதியாகக் குறைந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குறையவில்லை என்றால் அளவெடுப்போம். படம் பார்த்து ஹேண்டில்பார் வாங்குவதைப் போல வீண் செலவு இந்தத் துறையில் இல்லை. வண்டியை நேராக நிறுத்தி, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஹெல்மெட், ஜாக்கெட் போட்டுக்கொண்டு வழக்கம்போல ஏறி உட்காருங்கள். கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, முழங்கையை லேசாக மடித்து, கை தானாக எங்கே வந்து நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கள். இன்னொருவர் டேப் வைத்து உங்கள் உள்ளங்கைக்கும் இப்போதைய கிரிப்புக்கும் நடுவே எவ்வளவு உயரம், எவ்வளவு பின்னால், எவ்வளவு அகலம் என்று மூன்றையும் எழுதிக்கொள்ளட்டும். பிறகு இன்டர்செப்டர் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அரை நாள் வாங்கி ஓட்டி, அதிலும் தரையிலிருந்து கிரிப் வரை உயரத்தையும் சீட் முன் தையலிலிருந்து கிரிப் வரை தூரத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். இந்த எண்கள் கையில் இருந்தால் கடைக்காரர் எதை நீட்டினாலும் குழப்பம் வராது.

சாதாரண ஹேண்டில்பார் உள்ள வண்டி என்றால் வேலை எளிது. குழாயின் விட்டம் பார்த்து வாங்கினால் போதும். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 22.2 மி.மீ., பல க்ரூசர்களுக்கு 25.4 மி.மீ., தடித்த அலுமினியப் பார் என்றால் கிளாம்ப் பிடிக்கும் நடுப்பகுதி 28.6 மி.மீ. இருந்து கிரிப் பக்கம் 22.2-க்குக் குறுகும். இருக்கிற பாரையே உயர்த்த ரைசர் துண்டுகளும் கிடைக்கின்றன. ரைசர் போடுகிறவர்கள் போல்ட்டின் நீளத்தைக் கவனிக்க வேண்டும். 8 மி.மீ. போல்ட் அலுமினியத்தில் குறைந்தது 12 மி.மீ. ஆழமாவது திருகி இறங்கியிருக்க வேண்டும். நாலு மரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் ரைசரை நம்பிச் சாலையில் போகக் கூடாது.

உங்கள் ஜிடியில் இருப்பது கிளிப்-ஆன். ஒரே நீளக் குழாயாக இல்லாமல், இடம் வலம் தனித்தனியாக, முன்சக்கரத்தைத் தாங்கும் 41 மி.மீ. ஃபோர்க் குழாய்களைக் கவ்விப் பிடித்திருக்கும். அதனால் வேறு வண்டியின் பாரை எடுத்து அப்படியே மாட்ட முடியாது. உங்களுக்கு இரண்டு வழி.

முதலாவது, உயர்த்திய கிளிப்-ஆன். ஃபோர்க்கைக் கவ்வும் வளையம் அதே இடத்தில் இருக்கும், கைப்பிடிக் குழாய் மட்டும் மேலே ஏறியிருக்கும். 41 மி.மீ. அளவில் வாங்கினால் பொருந்தும். வண்டியின் தோற்றம் கெடாது. ஏற்றம் சிறிதாக இருந்தால் கேபிள்களை வேறு வழியில் திருப்பிவிட்டே சமாளிக்க இடமுண்டு. உங்கள் அளவீடு 25, 30 மி.மீ. என்று வந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, இன்டர்செப்டரின் பாரையே ஜிடியில் ஏற்றுவது. இதற்குப் பார் மட்டும் போதாது. இரண்டு ஃபோர்க் குழாய்களையும் மேலே சேர்த்துப் பிடித்திருக்கும் தட்டை மெக்கானிக்குகள் டி என்பார்கள். இன்டர்செப்டரின் டியில் பாரைத் தாங்கும் கிளாம்ப் இருக்கும், ஜிடியுடையதில் இருக்காது. ஆக டி, பார், கிளாம்ப், ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், முன் பிரேக்குக்கு ஆயில் கொண்டுபோகும் ஹோஸ் என்று வரிசையாக வரும். எல்லாம் ஒரே கம்பெனியின் ஒரே தலைமுறை உதிரிப்பாகங்கள் என்பது பெரிய நிம்மதி. ஆர்டர் செய்யும்போது உங்கள் வண்டியின் ஆண்டைச் சொல்லிப் பாக எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். இந்த வழியில் ஒரு குறை இருக்கிறது: கை இன்டர்செப்டருக்கு வந்துவிடும், கால் ஜிடியிலேயே பின்னால் நிற்கும். சிலருக்கு அது சுகம், சிலருக்கு முட்டி மடிந்த நிலையில் உடம்பு நிமிர்ந்து உட்காருவது ஒட்டாது. இன்டர்செப்டரில் உட்கார்ந்தபடி காலைப் பின்னால் இழுத்து வைத்துப் பார்த்தால் ஓரளவு புரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஹேண்டில்பார் மாற்றும் வேலையில் குழாயை மாட்டுவது அரைமணி நேரக் காரியம். ஆபத்து முழுவதும் அதிலிருந்து கீழே இறங்கும் கேபிள்களிலும் ஹோஸிலும் இருக்கிறது.

ஆக்சிலேட்டர் கேபிள் நீளம் போதாவிட்டால் நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. பாரை முழுதாக ஒரு பக்கம் திருப்பும்போது கேபிள் இழுபட்டு எஞ்சின் தானாக வேகமெடுக்கும். இடுக்கான இடத்தில் யு திருப்பம் எடுக்கும்போது வண்டி துள்ளிப் பாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வேலை முடிந்ததும் வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விட்டு, பாரை இடக்கோடி முதல் வலக்கோடி வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் துளிகூட மாறக் கூடாது. கிரிப்பில் 2, 3 மி.மீ. சும்மா சுழலும் இடம் இருக்க வேண்டும், விட்டால் டக்கென்று மூடிக்கொள்ள வேண்டும். கிளட்ச் கேபிளுக்கும் இதே சோதனை: எந்தக் கோணத்திலும் லீவரில் சிறு தளர்வு மிஞ்ச வேண்டும். அது இல்லாவிட்டால் கிளட்ச் பாதி அழுத்திய நிலையிலேயே ஓடி, தட்டுகள் தேய்ந்துபோகும்.

பிரேக் ஹோஸைப் பாரை மட்டும் திருப்பிப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போது இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். அப்போதும் ஹோஸ் விறைக்காமல், ஃபிரேமில் உரசாமல் இருந்தால்தான் சரி. நீளம் போதவில்லை என்றால் ஹோஸை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. இங்கே ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிக்காரர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் மேல் ஹோஸ் பொதுவாக லீவரிலிருந்து நேராகச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் கேலிப்பருக்குப் போகாது, பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் மாடுலேட்டருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு குழாய் சக்கரத்துக்கு இறங்கும். மேல் ஹோஸைக் கழற்றும்போது காற்று மாடுலேட்டருக்குள் போய்விட்டால் சாதாரணமாக லீவரை அடித்து, கேலிப்பரில் இருக்கும் நிப்பிளைத் திறந்து காற்றெடுப்பது போதாமல் போகலாம். கம்பெனி சர்வீஸில் இருக்கும் கருவியால் மாடுலேட்டரை இயக்கிக் காற்றெடுக்க வேண்டிவரும். எனவே இந்த ஒரு வேலையை மட்டுமாவது அங்கே கொடுங்கள். ஹோஸின் முனையைப் பிடித்திருக்கும் பேஞ்சோ போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் புதிய வாஷர் போடச் சொல்லுங்கள், பழையது கசியும். ஆயில் குப்பி மூடியில் எழுதியிருக்கும் தரத்தையே, புதிதாக உடைத்த பாட்டிலிலிருந்து ஊற்ற வேண்டும். திறந்து வைத்த பாட்டில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். டேங்கின் மேல் ஒரு தடித்த துணி போட்டுவிடுங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

ஸ்விட்ச் பெட்டிகளில் சின்னப் பிடிப்பு முனை ஒன்று இருக்கும், பாரில் உள்ள துளைக்குள் அது உட்கார்ந்தால்தான் பெட்டி சுழலாது. புதிய பாரில் துளை இல்லையென்றால் அந்த முனையை வெட்டிவிடுவது மெக்கானிக்குகளிடம் வழக்கம். அனுமதிக்காதீர்கள். பிறகு ஆக்சிலேட்டரைத் திருகும்போது பெட்டியே சேர்ந்து திரும்பும். சரியான இடம் குறித்து, சரியான அளவில் ஒரே ஒரு துளை போடச் சொல்லுங்கள். ஒயரைப் பாருக்குள்ளே மறைத்துக் கொண்டுபோவது பார்க்க அழகு, ஆனால் அதற்காக வளைவில் பெரிய துளை போட்டால் குழாய் பலமிழப்பது அந்த இடத்தில்தான். ஒயர் நீளம் பற்றாவிட்டால் முறுக்கி டேப் சுற்றாமல் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போடச் சொல்லுங்கள். ஒரு மழைக்காலத்துக்குக்கூட டேப் தாங்காது.

கிளாம்ப் போல்ட்டுகளை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்க வேண்டும். கை பலத்தால் முடுக்கினால் அலுமினிய மரை கழன்றுவிடும், அல்லது போதாமல் பார் பள்ளத்தில் சுழன்றுவிடும். பாரின் முனையில் இருக்கும் எடைக் குண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். அதிர்வைத் தணிக்க அவை இருக்கின்றன, அதிர்வும் மரமரப்புக்கு ஒரு காரணம்.

எல்லாம் மாட்டியதும் மறுபடி ஒருமுறை முழுதாகத் திருப்பி, கிரிப்புக்கும் டேங்குக்கும் நடுவே கட்டைவிரல் நசுங்காமல் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்செப்டர் பார் அகலமானது, திருப்ப லேசாக இருக்கும். ஆனால் முன்சக்கரத்தின் மேல் உங்கள் எடை குறைந்திருப்பதால் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் முதலில் கொஞ்சம் மிதப்பது போலத் தோன்றும். காலியான சாலையில் பழகிவிட்டு மலையேறுங்கள்.

தரம் பற்றி: சென்னையில் ஜிபி ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் எல்லா விலையிலும் பார் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் பயன்படுத்திய அலுமினியப் பாரை வேண்டாம் என்று ஒதுக்குங்கள். இரும்பு பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். ஒருமுறை அடிபட்ட அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்து, ஒரு நாள் முறியக்கூடும். வளைந்த பாரை நிமிர்த்தி மாட்டுவது, வெல்டிங் வைப்பது இரண்டும் கூடவே கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. 2019 திருத்தத்தில் அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமும் வந்தது, சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஆகவே கம்பெனி தன் துணைப்பொருளாகவே விற்கும் பார் ஏதாவது உங்கள் அளவுக்கு வந்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்து, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வெளியில் வாங்குவதற்கு முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. டி, பார், கேபிள், ஹோஸ், கூலி எல்லாம் கூட்டிப் பாருங்கள். காலும் பின்னால் இருப்பது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அந்த அரைநாள் ஓட்டத்தில் தெரிந்தால், ஜிடியைக் கொடுத்துவிட்டு இன்டர்செப்டரே எடுத்துக்கொள்வது நல்லது. அதே எஞ்சின், அதே சத்தம், உடம்புக்கேற்ற இருக்கை. விற்க மனமில்லை என்றால், உயர்த்திய கிளிப்-ஆனில் தொடங்குங்கள், போதாவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம். கழற்றிய பழைய பாகங்களை எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்திருங்கள். புதிய பார் மாட்டி முதல் 100 கி.மீ. ஓடியதும் எல்லா கிளாம்ப் போல்ட்டுகளையும் இன்னொரு முறை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.